அந்தக் குறிப்பை அச்சுக்குப் போகும் முன் யார் பார்த்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன இதழின் வீட்டுக்குறிப்பு பகுதியில், கழிவறைத் தரையில் கறை போகாவிட்டால் ப்ளீச்சிங் பவுடரைத் தூவி, மேலே கொஞ்சம் ஆசிட் ஊற்றித் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்று போட்டிருக்கிறீர்கள். படித்ததும் பதறிப்போனேன். உங்களுக்குத் தெரியாததா? நீற்றிய சுண்ணாம்பில் குளோரின் வாயுவைச் செலுத்தித்தான் அந்தப் பவுடரே தயாராகிறது. ஆசிட் பட்டால் உள்ளே போன குளோரின் வாயுவாகவே வெளியே வந்துவிடும். முதல் உலகப் போரின்போது, 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்ரே போர்முனையில் ஜெர்மன் படை திறந்துவிட்டதும் இதே வாயுதான். காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். குந்தி உட்கார்ந்து தேய்க்கிறவர் மூக்குக்கு நேராகத்தான் நிற்கும்.

நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு கல்யாண மண்டபத்தில் துப்புரவு வேலை பார்த்த அம்மா இரண்டையும் கலந்துவிட்டு, ஜன்னல் இல்லாத கழிவறையிலிருந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து படியில் உட்கார்ந்ததை நேரில் பார்த்தேன். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன, இருமல் நிற்கவில்லை, என்ன ஆச்சு என்று கேட்டால் பதில் சொல்ல மூச்சு இல்லை. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்த பிறகுதான் பேசினார். மண்டபத்தில் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. தெருவில் வருகிறவரிடம் லேபிள் இல்லாத பாட்டிலில் ஆசிட் வாங்கும் வீடுகளுக்கும் யாரும் சொல்வதில்லை. பத்திரிகையாவது சொல்லும் என்று நம்பியிருந்தேன்.

எழுத உட்கார்ந்தால் பழைய வருத்தமும் சேர்ந்து வருகிறது. ஒவ்வொரு மழைக்கும் சாலையோரம் ப்ளீச்சிங் பவுடரால் வெள்ளைக் கோடு போட்ட படத்தை வெளியிட்டு 'தீவிர நோய்த்தடுப்புப் பணி' என்று எழுதுகிறீர்கள். வெறும் கையால் அதைத் தூவுகிற தொழிலாளியின் விரல் வெந்திருப்பது அந்தப் படத்தில் தெரிவதில்லை. காய்ந்த தரையில் பவுடர் கிடந்து என்ன பயன்? தண்ணீரில் கரைந்து, கொஞ்ச நேரம் தங்கினால்தான் கிருமி சாகும், சேற்றிலும் சாக்கடையிலும் கொட்டினால் அங்குள்ள அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். கொசுவும் அந்தக் கோட்டைப் பார்த்துப் போய்விடாது. 2020 மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பிய தொழிலாளர்களை ரோட்டில் உட்காரவைத்து அவர்கள் மேலேயே குளோரின் மருந்தைப் பீய்ச்சி அடித்தார்களே, அப்போதும் உங்களுக்கு எழுதினேன், வரவில்லை. பரவாயில்லை, இடம் இல்லாமல் இருந்திருக்கும்.

இந்தப் பவுடர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. 1847இல் வியன்னா பிரசவ வார்டில் செம்மல்வெய்ஸ் என்ற மருத்துவர் மற்ற டாக்டர்களை இதைக் கரைத்த நீரில் கை கழுவ வைத்ததும் தாய்மார்கள் சாவது சட்டென்று குறைந்தது. கிணற்றுக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் இதைவிட மலிவான காவல் கிடையாது. ஆனால் அங்கேதான் அசட்டை. புதுப் பவுடரில் 33 சதவீதம் அளவுக்கு குளோரின் இருக்கும், மூட்டையைத் திறந்து வைத்தால் காற்றும் ஈரமும் பட்டு நாளுக்கு நாள் இறங்கும். வாய் கட்டாமல் மூலையில் கிடந்து, கட்டி தட்டி, மணமே போய்விட்ட பவுடரைத் தொட்டியில் கொட்டிவிட்டு ரிஜிஸ்டரில் கையெழுத்து போட்டிருப்பார்கள். குழாய்த் தண்ணீரைப் பிடித்து, குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் மருந்தைச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும். நான் பார்த்த பல ஊர்களில் தண்ணீர் நிறம் மாறாமல் அப்படியே இருந்தது. லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது குடிநீர்த் தரவிதி. அப்புறம் வாந்திபேதி வந்தால் நீங்கள் 'மர்ம நோய்' என்று தலைப்பு போடுகிறீர்கள்.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் ஒரு திருத்தம் போடுங்கள். ப்ளீச்சிங் பவுடருடன் ஆசிட்டையோ கழிவறை கழுவும் திரவத்தையோ சேர்க்கக் கூடாது, தெரியாமல் சேர்த்துவிட்டால் குனிந்து கழுவிக்கொண்டிருக்காமல் கதவைத் திறந்துவிட்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும், மூச்சு முட்டினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த நாலு வரி போதும். என் கடிதத்தை வெளியிடாவிட்டாலும் இதைப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
மன்னார்குடி