வேலையை நிறுத்தாமல் என்னைப் பார்க்கவிட்ட எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் என்னுடைய கடைசி வருட அனிமேஷன் படத்தைக் கொடுத்து முடித்தேன். மொத்தம் 2 நிமிடம் 40 வினாடி. கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் வினாடிக்கு 24 பிரேம், ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்துகிற கணக்கில் போட்டாலும் 1,920 படம் வரைய வேண்டும். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு அம்மா தேயிலைக் கொழுந்து நிறைந்த கூடையோடு மலையிலிருந்து மடுவத்துக்கு, அதாவது கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு, இறங்கி வருகிறார், கொழுந்தை நிறுத்துப் போடுகிறார், அவ்வளவுதான். படத்தைப் பார்த்த ஒருவர், "அந்த அம்மா நடந்து வர்றது அப்படியே இருக்கே, இத யார்கிட்ட கத்துக்கிட்ட?" என்று கேட்டார். நின்ற இடத்தில் பதில் சொல்ல வரவில்லை, ஏனென்றால் அந்தப் பதிலில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள், அதனால் யாருடைய பெயரையும் போடவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதலில் எங்களுக்குப் படிப்பித்த சேருக்கு. கொழும்பில் ஒரு அறைக்குள் உட்கார்ந்து கணினியில் ஆளை நடக்கவைத்துக்கொண்டிருந்த எங்கள் 14 பேரையும் பஸ்ஸில் ஏற்றி மலைநாட்டுக்குக் கூட்டி வந்தது அவர்தான். ஐந்து நாள். ஒரேயொரு சட்டம்: முதலில் போனை எடுக்கக் கூடாது. ஓர் ஆளை முப்பது வினாடி பார்த்து வரைய வேண்டும், அவர் நகர்ந்துவிட்டால் மிச்சத்தை நினைவிலிருந்து முடிக்க வேண்டும், அதற்கப்புறம் வேண்டுமானால் வீடியோ எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். எனக்கு அது அப்போது பிடிக்கவே இல்லை. முப்பது வினாடியில் முகம்கூட வராதே என்று சண்டை பிடித்தேன். "முகத்தை விடு, பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்று மட்டும் பார்" என்றார். அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டுதான் மிச்ச எல்லாமே.

பேராதனைப் பூங்காவில் முதல் நாள். மற்றவர்கள் பெரிய மூங்கில் பக்கம் போய்விட்டார்கள், நான் வவ்வால் தொங்குகிற மரத்தடியிலேயே நின்றுவிட்டேன். பழந்தின்னி வவ்வால் வெயில் ஏறினால் ஓர் இறக்கையை விரித்து மெதுவாக விசிறிக்கொள்ளும். அது வரைக்கும் வவ்வால் இறக்கையைக் குடைத்துணி மாதிரித்தான் வரைந்துகொண்டிருந்தேன். உண்மையில் அது ஒரு கை. நீண்ட விரல்களுக்கு நடுவில்தான் தோல் இழுத்துக் கட்டியிருக்கிறது, கட்டைவிரல் மட்டும் வெளியே கொக்கி மாதிரி நிற்கிறது. இதை எனக்குக் காட்டியது அங்கே இலை கூட்டிக்கொண்டிருந்த ஒரு ஐயா. தன் கையை விரித்து, விரல் இடுக்கைத் தொட்டுக் காட்டி, சிங்களத்தில் இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி கூட்டப் போய்விட்டார். அவருக்கு நன்றி சொல்லக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. யாராவது அவரைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் சொல்லிவிடுங்கள்.

ஹோர்ட்டன் சமவெளியில் மரைகளை, அந்தப் பெரிய மான்களை, கிட்டப் போய்ப் பார்க்க எல்லாருக்கும் ஆசை. அங்கே வேலை செய்கிற ஒரு அண்ணன்தான் எங்களைத் தள்ளி உட்காரவைத்தார். சாப்பாடு காட்டிக் கூப்பிட்டால் அது உங்களையே பார்க்கும், அப்புறம் அதனுடைய நடையை நீங்கள் பார்க்க முடியாது என்றார். சரியென்று தள்ளியே உட்கார்ந்தோம். அரை மணித்தியாலம் குளிரில் கை விறைத்துப் போனது, பென்சிலைப் பிடிக்கவே முடியவில்லை. ஆனால் அப்படி இருந்ததால்தான் அந்தக் காதுகளைப் பார்த்தோம். ஒன்று எங்கள் பக்கம் திரும்பியிருக்க, மற்றது தனியாகப் பின்னால் போகும். தூரத்தில் ஏதோ சத்தம் கேட்டதும் முன்காலைத் தூக்கித் தரையில் ஓர் அடி அடித்தது. அந்த அடிக்கு முன்னாலேயே தோளும் கழுத்தும் இறுகிவிட்டன. எங்கள் வகுப்பில் முன்னசைவு என்று படிப்போமே, அது அங்கே கண்முன்னால் நடந்தது.

பட்டிப்பொல ஸ்டேஷனில் இருந்த உத்தியோகத்தர்களுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். 6,226 அடி உயரத்தில் இருக்கிற ஸ்டேஷன், இலங்கையிலேயே உயரமானது, அதனால் எல்லாரும் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துவிட்டுப் போவார்கள். நான் போனது டேப்லட் என்கிற, ரயிலுக்கு அனுமதியாகக் கொடுக்கிற தகடு கைமாறுவதைப் பார்க்க. ஒற்றைத் தண்டவாளம் என்பதால் அந்த டேப்லட் கையில் இருக்கிற ரயில்தான் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் போகலாம். பெரிய வளையம், அதன் அடியில் தோல் பை, பைக்குள் டேப்லட். ரயில் முழுதாக நிற்பதற்கு முன்பே வளையத்தை எட்டி வாங்குகிறார்கள். வாங்குகிற கை அங்கேயே நிற்பதில்லை, ரயில் போகிற பக்கமே கொஞ்சத் தூரம் போய், தோள் திரும்பி, அப்புறம்தான் கீழே வருகிறது, வளையத்தில் தொங்குகிற பை அதற்கும் பிறகு ஒரு தரம் ஆடி அடங்குகிறது. முதல் ரயிலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்த ரயில் வர நேரமிருக்கிறது என்று பிளேன்டீயும் கொடுத்து, வெறும் வளையத்தை வைத்து மூன்று தரம் செய்தும் காட்டினீர்கள். ஆனால் உண்மையைச் சொன்னால், செய்து காட்டியதைவிட அடுத்த ரயிலுக்கு நீங்கள் என்னை மறந்துவிட்டுச் செய்தீர்களே, அந்த ஒரு கைதான் என் நோட்டில் நன்றாக வந்தது.

இனி, அந்த ஐந்து நாளுக்குப் பிறகு நான் தனியாகப் போய் வந்த தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து அக்காமாருக்கும் அம்மாமாருக்கும் வருகிறேன்.

நான் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். என் அப்பாயி முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போவதையும், சாயங்காலம் கால் கழுவத் தண்ணீர்ப் பீலிக்கு வருவதையும் தினமும் பார்த்த எனக்குக் கூடை தூக்கி நடக்கிற ஆளை வரையத் தெரியாமலா போகும் என்றுதான் நினைத்திருந்தேன். மலைக்குப் போய் நோட்டைத் திறந்ததும் நடந்தது வேறு. எல்லாரும் கொழுந்து எடுப்பதை நிறுத்திவிட்டு, முக்காட்டைச் சரிசெய்து, என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ரோட்டோரத்து மலையில் வெளிநாட்டுக்காரர்கள் வேனை நிறுத்திப் படம் எடுக்கிறபோது நின்று நின்று பழகிப் போயிருக்கிறது. முதல் நாள் வரைந்த பதினேழு பக்கத்திலும் சிரித்துக்கொண்டு நிற்கிற பெண்கள். ஒரு படத்தில்கூட யாரும் வேலை செய்யவில்லை.

எனக்காக நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்கு நட்டம் என்பதும் எனக்குத் தெரியும். சொன்ன கிலோ வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது பாதிச் சம்பளம்தான். அதனால் இரண்டாம் நாள் நோட்டை எடுக்கவே கூச்சமாக இருந்தது, ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் கடைசி நிரையில் இருந்த அக்கா, நீங்கள்தான், சத்தமாகச் சொன்னீர்கள்: "எல்லாம் அவங்கவங்க வேலையப் பாருங்க, அந்தப் புள்ள அது பாட்டுக்குப் பாக்கட்டும்." கங்காணி ஐயாவும் தலையாட்டினார். அதற்கப்புறம் நாலு நாள் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு இதுவரை யாரும் இவ்வளவு பெரிய உதவி செய்ததில்லை.

அந்த நாலு நாளில் பார்த்ததைத்தான் சொல்கிறேன். கொழுந்து எடுக்கிற கையை எல்லாரும் வேகமான கை என்பார்கள். கிட்ட உட்கார்ந்து பார்த்தால் இரண்டு கையும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒன்று கிள்ளும்போது மற்றது அடுத்த கிளைக்குப் போய்விடும். கிள்ளிய கொழுந்து உடனே கூடைக்குப் போகாது. உள்ளங்கையில் சேர்ந்து சேர்ந்து, சுண்டுவிரல் பக்கம் பிதுங்குகிற வரைக்கும் பொறுத்திருந்து, அப்புறம் தோளுக்கு மேலே ஒரு வீச்சு. கூடை எங்கே என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கை பின்னால் போகிற நேரத்தில் கண் ஏற்கனவே அடுத்த செடியில் இருக்கிறது. இந்த ஒரு வீச்சுக்கு மட்டும் நாற்பது தாள் செலவானது.

நடைக்கு வருகிறேன். சாதாரணமாக ஒரு காலடிக்கு 12 பிரேம் என்று வகுப்பில் படித்திருந்தோம். காலையில் வெறுங்கூடையோடு பாதையில் போகிறவர்களைப் பத்துக் காலடிக்கு நேரம் பார்த்தேன், ஐந்து வினாடி, கணக்கு அப்படியே சரி. மத்தியானம் நிறைந்த கூடையோடு இறங்குகிறபோது அதே பத்துக் காலடிக்கு எட்டு வினாடி, அப்படியானால் ஒரு காலடிக்குப் பத்தொன்பது பிரேம் வருகிறது. சரி, மெதுவாக நடக்கவைத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு காலடிக்கும் உடம்பு கொஞ்சம் ஏறி இறங்குகிற மாதிரி வரைந்து, மடுவத்தில் நிறுவைக்கு நின்ற நீலச் சேலை அம்மாவிடம் போனில் ஓட்டிக் காட்டினேன். இரண்டு தரம் பார்த்தார். "தலைய இப்படி ஆட்டிக்கிட்டு வந்தா கயிறு வழுக்கிடாதா?" என்றார்.

அந்த இடத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை. கயிறு நெற்றிக்கு மேலே தலையில் இருக்கிறது, முழுப் பாரமும் அதில் தொங்குகிறது, அப்படியானால் தலை அசையவே கூடாது. திரும்பி ஓடிப்போய்ப் பார்த்தேன். கயிறு மாட்டிய ஒவ்வொருவரின் தலையும் நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் இறங்குகிறது, ஏற்றம் இறக்கம் எல்லாவற்றையும் முழங்காலும் இடுப்பும் வாங்கிக்கொள்கின்றன. முழங்கால் ஒருபோதும் முழுதாக நிமிர்வதில்லை. பாதத்தில் பெருவிரல் முதலில் கல்லைத் தடவிப் பார்க்கும், கல் அசையாது என்று தெரிந்த பிறகுதான் பாரம் அந்தக் காலுக்கு வரும். நாலு மாதத்து வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு அன்றைக்கு ராத்திரியே மறுபடி தொடங்கினேன். அப்பாயிக்கு ஏன் இன்றைக்கும் உட்கார்ந்தால் பின்கழுத்தில் கைபோகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அந்த அம்மாவுக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று இப்போதும் தெரியவில்லை. படத்தில் வருகிற அம்மாவுக்கு நீலச் சேலைதான் கட்டியிருக்கிறேன்.

தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பரா ஆயம்மா, மூன்று மத்தியானம் என்னை உள்ளே உட்காரவிட்டதற்கு நன்றி. உட்கார்ந்திருக்கிற குழந்தை எழுந்திருக்கும்போது இரண்டு கையையும் தரையில் ஊன்றி முதலில் பின்பக்கத்தைத் தூக்கும், தலை கடைசியில்தான் வரும் என்பதை அங்கேதான் படித்தேன். மாசி மாதம் காமன் கூத்துக்குப் பழகிக்கொண்டிருந்த இடத்தில், தப்பு மேளத்தைக் காய்ச்சுகிற நெருப்புக்குப் பக்கத்தில் என்னை உட்காரவைத்த வாத்தியாருக்கும் அண்ணன்மாருக்கும் நன்றி. தோல் இறுக இறுகச் சத்தம் மாறுவதும், அதைக் கேட்டுக் கேட்டு ஆடுகிறவர்களின் கால் தானாகத் தயாராவதும் அவ்வளவு அழகு. அதை வைத்து அடுத்த படம் செய்ய ஆசை.

அட்டன் பஸ்ஸில் நான் விட்டுவிட்டு இறங்கிய நோட்டை மூன்று நாள் பத்திரமாக வைத்திருந்து, அட்டையில் இருந்த நம்பருக்கு அழைத்துக் கொடுத்த கொண்டக்டர் அண்ணா, பணம் கொடுத்தபோது வாங்கவில்லை நீங்கள். அதில் தொண்ணூறு பக்கம் இருந்தது. தலவாக்கலையில் அந்த புத்தகக் கடை அக்கா, பனியில் தாள் நமுத்துப் பென்சில் ஏறவில்லை என்று சொன்னதும் பிளாஸ்டிக் பைலும் பழைய உரப் பையும் தேடிக் கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு ஒரு பக்கம்கூட நனையவில்லை. ஓரிடத்தில் கேட்டிலேயே எங்களைத் திருப்பி அனுப்பினார்கள், ஏதோ எழுதப் போகிறோம் என்று நினைத்திருக்கலாம். அன்றைக்கு மழையில் நின்ற 14 பேருக்கும் ரொட்டியும் சம்பலும் கொடுத்தது பக்கத்து லயத்து வீடு. அந்த வீட்டு இஸ்தோப்பு, முன் திண்ணை, என் நோட்டில் இரண்டு பக்கம் இருக்கிறது.

அம்மா, அப்பா, படம் கீறுவது ஒரு படிப்பா என்று ஊரே கேட்டபோதும் ஒரு வார்த்தை சொல்லாமல் சீட்டுப்பணத்தை எடுத்துக் கொடுத்தீர்கள். அதற்கு இங்கே எழுதி முடியாது, வீட்டுக்கு வந்து சொல்கிறேன்.

தலவாக்கலை அக்காமாருக்கு ஒரு சேதி. பொங்கலுக்கு வருகிறேன். புரொஜெக்டர் ஒன்றைக் கேட்டு வைத்திருக்கிறேன், கோயில் சுவரில் வெள்ளை வேட்டி கட்டிப் படத்தைப் போடலாம் என்று தலைவரும் சொல்லிவிட்டார். இரவு ஏழு மணிக்கு எல்லாரும் வாருங்கள். நீலச் சேலை அம்மா கட்டாயம் முன்னால் உட்கார வேண்டும். கயிறு வழுக்குகிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்லுங்கள்.