நூலக வரி புத்தக அலமாரி வரை வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு வரி ரசீது கைவசம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். சொத்து வரியோடு நூலக வரி என்று ஒரு தொகையும் சேர்ந்திருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து காசு வீதம். 2,000 ரூபாய் சொத்து வரி கட்டுகிறவர் அதற்கு மேல் 200 ரூபாயை நூலகத்துக்கென்றே கட்டுகிறார். ஆகவே குமரி மாவட்ட மக்கள் நூலகத்துக்குப் பணம் தர மாட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. தந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் பணம் குறையாமல், உரிய காலத்தில் நூலகத்துக்குப் போகிறதா, போதாததை அரசு ஈடுகட்டுகிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் நம் ஆறு சட்டமன்ற உறுப்பினர்களும் நாடாளுமன்ற உறுப்பினரும். அவர்களை நோக்கித்தான் இந்தக் கடிதம்.

இந்த வரிக்கு வேர் 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் விடாமுயற்சியால் வந்தது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டமும் இதுதான். அன்று நாம் திருவிதாங்கூரில் இருந்தோம். 1956 நவம்பர் 1 முதல் இந்தச் சட்டத்தின் கீழ் வரும் தமிழகத்தோடு இணைந்தோம். சட்டம் நல்ல சட்டம். கோளாறு எல்லாம் பணம் பயணிக்கும் பாதையில்.

வரியை வசூலிப்பது உள்ளாட்சி. செலவழிப்பது மாவட்டத்தின் பொது நூலகங்களை நடத்தும் மாவட்ட நூலக ஆணைக்குழு. நடுவில் உள்ளாட்சி அந்தப் பணத்தை ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். இங்கேதான் இடறுகிறது. நூலக வரி சொத்து வரியோடு ஒரே ரசீதில், பெரும்பாலும் ஒரே கணக்கில் விழுகிறது. கையில் காசு குறைந்த மாதத்தில் தெருவிளக்கு மின்கட்டணம், துப்புரவுப் பணியாளர் சம்பளம், மோட்டார் பழுது எல்லாம் முந்திக்கொள்ளும். நூலகப் பங்கு 'பிறகு பார்க்கலாம்' என்று நிற்கும். பிறகு அது பாக்கி ஆகும். பாக்கி ஆண்டுக்கணக்கில் ஏறும். இது ஏதோ ஒரு பேரூராட்சியின் குற்றம் இல்லை, தமிழகம் முழுக்க உள்ள பழைய நோய். கெட்ட எண்ணம் கூட வேண்டாம், கணக்கு கலந்து கிடந்தாலே போதும்.

மருந்து இன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மாநகராட்சி முதல் கிராம ஊராட்சி வரை வரியை இணையத்தில் கட்டும் வசதி வந்துவிட்டது. கட்டும் அந்த நொடியிலேயே நூலக வரியைப் பிரித்து நேராக மாவட்ட நூலக ஆணைக்குழுவின் வங்கிக் கணக்குக்கு அனுப்பும்படி மென்பொருளை மாற்றினால், பாக்கி என்ற பேச்சே எழாது. இதற்குப் புது வரி வேண்டாம், புது அலுவலகமும் வேண்டாம். நகராட்சி நிர்வாகம், ஊரக வளர்ச்சி, பள்ளிக் கல்வி ஆகிய மூன்று துறைகளும் சேர்ந்து ஓர் அரசாணை போட்டால் போதும். மூன்று துறையையும் ஒரு மேசையில் உட்கார வைப்பதுதான் கடினம்; அதற்குத்தானே மக்கள் பிரதிநிதி.

இன்னொன்றும் கேட்க வேண்டும். 2022 ஏப்ரலில் நகர்ப்புறங்களில் சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை உயர்ந்தது. சொத்து வரி ஏறினால் அதன் பத்தில் ஒரு பங்கான நூலக வரியும் தானாக ஏறும். நாகர்கோவிலிலும் குழித்துறையிலும் குளச்சலிலும் அந்தக் கூடுதல் தொகை எவ்வளவு, அதில் எவ்வளவு புத்தகமாக மாறியது?

நகரங்களைவிடச் சிக்கல் கிராமங்களில்தான். மாவட்டத்தில் 95 கிராம ஊராட்சிகள். ஒரு பேச்சுக்கு, 1,500 வீடுகள் உள்ள ஊராட்சி, வீட்டுக்குச் சராசரி 400 ரூபாய் வரி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6 லட்சம். நூலக வரி 60,000. ஐந்து நாளிதழ் வாங்க ஆண்டுக்கு 15,000 ரூபாய் ஆகிவிடும். வார, மாத இதழ்களுக்கு ஐயாயிரம், மின்சாரத்துக்கு ஏழாயிரம், கிழிந்த நூறு புத்தகத்துக்கு பைண்டிங் எட்டாயிரம். மிச்சம் 25,000. இன்றைய விலையில் நூறு, நூற்றிருபது புத்தகம். இதில் நூலகரின் சம்பளம் சேரவில்லை, கூரைப் பழுதும் சேரவில்லை. பேச்சிப்பாறைப் பக்கத்து மலையோரக் குடியிருப்பிலோ கடற்கரைக் கிராமத்திலோ வரி இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். வாசிக்க வேண்டிய பிள்ளைகள் குறைவில்லை. ஆகவேதான் வரி மாவட்ட அளவில் ஒன்றாகச் சேர்ந்து பங்கிடப்படுகிறது. அந்தப் பொதுத்தொகையும் போதாதபோது மாநில அரசின் நேரடி ஒதுக்கீடு தவிர வேறு வழி இல்லை.

ஆனால் ஒதுக்கீடு என்றதும் நம் பிரதிநிதிகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது கட்டடம். தொகுதி நிதியில் கட்டடம் கட்டலாம், கல்வெட்டு பதிக்கலாம், திறப்பு விழாவும் வைக்கலாம். நாளிதழ் சந்தாவுக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. கட்டடம் ஒரு தடவைச் செலவு; நூலகம் ஆண்டுதோறும் சாப்பாடு கேட்கும். திறந்த அன்று கொடுத்த கணினியின் யு.பி.எஸ். பேட்டரி மூன்று நான்கு ஆண்டில் செத்துவிடும். மாற்றுவதற்கு நிதிக் கணக்கில் செலவுத் தலைப்பு இல்லாததால் கணினிக்கு உறை போட்டு மூடிவைப்பார்கள். போட்டித் தேர்வு நூல்கள் இன்னும் மோசம். பாடத்திட்டம் மாறியபின் பழைய பதிப்பு அலமாரியை அடைப்பதற்கு மட்டுமே ஆகும். குரூப் 4, காவலர் தேர்வு என்று படிக்க வருகிற பிள்ளைகளில் பலர் சொந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவது, உட்கார நாற்காலியும் மின்விசிறியும் தேடித்தான்.

கட்டத்தான் வேண்டும் என்றால், நம் மாவட்டத்து மழைக்குத் தகுந்தாற்போல் கட்டட்டும். இங்கே தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். ஆண்டில் பாதி ஈரம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் புத்தகத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். அந்துருண்டை பூச்சியை விரட்டும், பூஞ்சையை ஒன்றும் செய்யாது. தட்டையான கான்கிரீட் கூரை சில ஆண்டில் ஒழுகத்தான் செய்யும்; அதன்மேல் சரிவாக ஒரு ஷீட் கூரை முதல் மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும். அஸ்திவாரம் போடும்போதே கறையான் மருந்து ஊற்ற வேண்டும். இரும்பு ரேக்கைச் சுவரோடு ஒட்டி வைத்தால் சுவரின் ஈரம் நேராகப் புத்தகத்துக்கு ஏறும். அரை அடி தள்ளி வைக்க வேண்டும். கீழ்த்தட்டு தரையிலிருந்து அரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரையிலான கடலோரத்தில் உப்புக் காற்று சாதாரண பெயின்ட் அடித்த ரேக்கைத் துருவேற்றிவிடும், துரு அட்டையில் கறையாகும். அங்கே பவுடர் கோட்டிங் செய்த ரேக் வாங்க வேண்டும். நனைந்த புத்தகத்தை 48 மணி நேரத்துக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சை வந்துவிடும். வெயிலில் போட்டால் தாள் சுருளும். இடையிடையே உறிஞ்சுதாள் வைத்து விசிறிக் காற்றில் நிறுத்த வேண்டும். வழவழப்பான தாளில் அச்சான புத்தகம் மூடியபடி காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிக் கட்டியாகிவிடும், அப்புறம் பிரியாது. இவ்வளவும் பெரிய செலவில்லை. ஆனால் செய்ய ஓர் ஆள் வேண்டும்.

ஆள் என்பதுதான் அடுத்த பிரச்சினை. கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று தகுதி இறங்க இறங்க நேரமும் குறையும், ஆளும் குறையும். ஊர்ப்புற நூலகர்கள் முறையான காலமுறை ஊதியம் கேட்டுப் பல ஆண்டாகப் போராடுகிறார்கள். ஒரே ஆள் இருக்கும் நூலகத்தில் அவர் விடுப்பு எடுத்தால் கதவு பூட்டுத்தான். இரண்டு நூலகத்துக்கு ஒருவரைப் பொறுப்பு போட்டால் இரண்டும் அரை நூலகம். நேரமும் ஊருக்கு ஒத்து வர வேண்டும். குலசேகரம், திற்பரப்பு பக்கத்தில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி விடியுமுன் தோட்டத்துக்குப் போய் உச்சிவேளைக்குள் வேலை முடிப்பவர். அவர் ஓய்வாக இருக்கும் மதிய நேரத்தில் நூலகம் மூடியிருந்தால் யாருக்காகத் திறக்கிறோம்? எல்லை ஓரத்து விளவங்கோடு வட்டத்தில் மலையாளம் படிக்கிறவர்களும் உண்டு. சென்னையில் ஒட்டுமொத்தமாகத் தேர்ந்தெடுத்து அனுப்பும் பட்டியலில் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. புத்தகத் தொகையில் ஒரு பகுதியையாவது உள்ளூர்த் தேவைக்கு மாவட்டமே செலவழிக்கும் அதிகாரம் வேண்டும்.

வெளியே அதிகம் பேசப்படாத ஒன்று: இருப்புச் சரிபார்ப்பில் புத்தகம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நூலகர். சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் நல்ல புத்தகங்கள் பூட்டிய பீரோவுக்குள் போகின்றன. கண்ணாடி வழியே பார்க்கலாம், கையில் எடுக்க முடியாது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல் விதி 215, ஆண்டில் இரவல் போன அல்லது வாசிக்கப்பட்ட ஆயிரம் புத்தகத்துக்கு ஐந்து புத்தகம் வரை இழப்பு இயல்பானது என்று ஏற்கிறது. இந்த அளவுகோல் நம் ஊர்ப்புற நூலகம் வரை எழுத்தில் தெளிவாக இருக்க வேண்டும். காசு செலவில்லாத சீர்திருத்தம் இது, பீரோக்கள் திறக்கும்.

நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு வார்த்தை. நூலகம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது என்று டெல்லி கைகழுவத் தேவையில்லை. 1972இல் தொடங்கிய மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை, மாநிலம் தன் பங்கைப் போட்டால் அதற்கு ஈடாகத் தானும் உதவும் திட்டங்களை வைத்திருக்கிறது. மாநிலப் பங்கு குறைந்தால் அங்கிருந்து வருவதும் குறையும். இரண்டு பக்கமும் ஒருவர் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் அருமையானது. குறை சொல்ல மாட்டோம். ஆனால் நாகர்கோவிலிலிருந்து அது ஏறத்தாழ 240 கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே அதிக எழுத்தறிவு, 91.75 சதவீதம், பெற்ற மாவட்டம் நம்முடையது. இங்குள்ள எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சைக்கிளில் போய்த் திரும்பும் தூரத்தில் நூலகம் வேண்டும்.

அடுத்த முறை பள்ளிக் கல்வித் துறை மானியக் கோரிக்கை சட்டமன்றத்துக்கு வரும்போது, நம் ஆறு உறுப்பினர்களும் கட்சி பார்க்காமல் இந்த ஒரு கேள்வியை எழுப்ப வேண்டும்: கன்னியாகுமரி மாவட்டத்தின் ஒவ்வொரு உள்ளாட்சியும் கடந்த ஐந்து ஆண்டில், ஆண்டுவாரியாக, வசூலித்த நூலக வரி எவ்வளவு, ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு, அது எந்தத் தேதிக்குள் வரும்? பதிலை அப்படியே ஒவ்வொரு நூலகத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
பொது நூலக வாசகர்கள் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.