கைப்பழக்கத்துக்கும் பணிநேரம் ஒதுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தானியங்கிக் கட்டுப்பாடு பெருகப் பெருகத் தொழிற்கூட விபத்துகள் குறையும் என்ற கருத்தைத் தங்கள் நாளிதழில் படித்தேன். அதில் பெருமளவு உண்மை உண்டு. கொதிகலன் இயக்குநராக நெடுங்காலம் வேலை பார்த்த நானும் அதன் பலனை அனுபவித்தவன்தான். ஆனால் அந்தக் கருவிகள் தினசரி வேலையைத் தாங்களே செய்துகொண்டு, தங்களால் முடியாத நாளில் மட்டும், பழக்கம் விட்டுப்போன கைகளில் அதை ஒப்படைக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

ஓர் இரவு ஷிப்டில் கட்டுப்பாட்டு அறையின் திரை, கொதிகலனில் நீர்மட்டம் பாதியளவில் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது. எச்சரிக்கை மணி எதுவும் ஒலிக்கவில்லை. எனக்கு உறுத்தியது, திரையில் நீர்மட்டத்தைக் காட்டும் கோடு துளியும் அசையாமல் நேராக ஓடியதுதான். கொதிக்கிற நீரின் மட்டம் ஒருபோதும் அப்படி நிற்பதில்லை. இறங்கிப்போய், நீர்மட்டத்தை நேரில் காட்டும் கண்ணாடியான கேஜ் கிளாஸின் வால்வுகளைத் திறந்து மூடிச் சோதித்தபோது, நீர் கண்ணாடியின் அடிவிளிம்பில் கிடந்தது. திரைக்கு அளவை அனுப்பும் உணரிக்குச் செல்லும் குழாயில் கசடு அடைத்திருந்தது. நீர் குறைந்தால் எரிப்பை நிறுத்த வேண்டிய கருவியும் அதே குழாயையே நம்பியிருந்தது. நீர் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இறங்கி, குழாய்கள் காய்ந்து சிவந்த பிறகு ஒருவர் பதறிப்போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டால் கொதிகலனே வெடிக்கலாம். அன்று திரை முன் இருந்த இளைஞர் கெட்டிக்காரர், பொறுப்பானவர். ஆயினும் பயிற்சிக் காலத்துக்குப் பிறகு அந்தக் கண்ணாடியை அவர் ஒருமுறைகூடச் சோதித்ததில்லை, ஏனெனில் யாரும் அவரைச் சோதிக்கச் சொல்லவில்லை.

கடலிலும் இதுவே நடந்திருக்கிறது. 1995 ஜூன் 10 அன்று, பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குச் சென்ற ‘ராயல் மெஜஸ்டி’ பயணிகள் கப்பல் அமெரிக்காவின் நாந்துக்கெட் தீவுக்கு அருகே தரைதட்டியது. ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கேபிள் கழன்றுபோனதால், அந்தக் கருவி காற்றையும் நீரோட்டத்தையும் கணக்கில் கொள்ளாமல் வெறும் உத்தேசத்தில் இடத்தைக் காட்டத் தொடங்கியது; 34 மணி நேரம் கழிந்தபோது கப்பல் சுமார் 17 கடல் மைல் விலகியிருந்தது. அதிகாரிகள் சோம்பி இருக்கவில்லை, மணிக்கொரு முறை வரைபடத்தில் இடத்தைக் குறித்தே வந்தார்கள். ஆனால் குறித்த எண்கள் அதே கருவியிலிருந்து வந்தவை. பக்கத்திலிருந்த, கரையிலிருந்து வரும் வானொலி அலைகளைக் கொண்டு இடத்தைக் காட்டும் லோரான் கருவியோடு ஒப்பிட்டிருந்தால் பிழை முன்பே புலப்பட்டிருக்கும். நல்லவேளையாக, யாரும் உயிரிழக்கவில்லை.

2009 ஜூன் 1 அன்று ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் இருந்தவர்களுக்கு அந்த நல்லவேளை வாய்க்கவில்லை. வேகமானிக் குழாய்களில் பனி அடைத்து, தானியங்கி விமானி விலகிக்கொண்ட ஐந்து நிமிடங்களுக்குள் விமானம் கடலில் விழுந்து 228 பேர் மாண்டனர். அவ்வளவு உயரத்தில் விமானத்தைக் கையால் செலுத்தும் பயிற்சி விமானிகளுக்கு அளிக்கப்படவில்லை என்பதையும் விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது.

கருவிகளை அகற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. திரையில் தெரியும் அளவை வேறொரு வழியில் சரிபார்ப்பதும், குறித்த இடைவெளியில் தகுந்த மேற்பார்வையோடு கையால் இயக்கிப் பழகுவதும் பணி அட்டவணையிலேயே இடம்பெற வேண்டும். அந்த நேரத்தை உற்பத்தி இழப்பாக நிர்வாகங்கள் கணக்கிடக் கூடாது. நேரடிப் பயிற்சி ஆபத்தான துறைகளில் மாதிரி இயந்திரங்களில் பழக்கலாம். விபத்துக்குப் பின் ‘மனிதத் தவறு’ என்று எழுதி அறிக்கையை முடிக்கும் விசாரணை அதிகாரிகளும், அந்தத் தொழிலாளி அவ்வேலையைக் கடைசியாகக் கையால் செய்தது எப்போது, அதற்கு அவருக்கு நேரம் கொடுக்கப்பட்டதா என்பதை அறிக்கையில் கட்டாயம் பதிவுசெய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கொதிகலன் இயக்குநர்