பழைய கோஆக்சியல் வலையமைப்பில் பழுது தேடும் முறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கணிப்பொறி வலையமைப்புகளைப் பராமரிப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையில், மெல்லிய கோஆக்சியல் கேபிளில் (நடுக்கம்பியைச் சுற்றி உலோகக் கவசம் கொண்ட கேபிள்) இயங்கும் வலையமைப்பு முடங்கினால் முதலில், கணிப்பொறியைக் கேபிளுடன் இணைக்கும் நெட்வொர்க் கார்டுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும் என்று கூறப்பட்டிருந்தது. அந்த வரிசை தவறானது என்பது என் கருத்து. ஒரே கேபிளில் எல்லாக் கணிப்பொறிகளும் தொடராக இணைந்திருக்கும் இவ்வமைப்பில், அனைத்தும் ஒரே நேரத்தில் தொடர்பிழந்தால் முதலில் ஐயப்பட வேண்டியது கேபிளையும், அலை எதிரொலித்துத் திரும்பாதபடி அதன் இரு முனைகளிலும் பொருத்தப்படும் சிறு மின்தடைகளான 50 ஓம் டெர்மினேட்டர்களையுமே ஆகும்.

கேபிள் ஓரிடத்தில் அறுந்தால் அறுந்த இடத்துக்கு ஒரே பக்கத்தில் உள்ள கணிப்பொறிகளாவது தமக்குள் பேசிக்கொள்ள வேண்டுமே என்று பலர் குழம்புவதுண்டு. ஆனால் கார்டு கேபிளில் செலுத்தும் மின்னோட்டம், பக்கத்துக்கு ஒன்றாக இரு டெர்மினேட்டர்களையும் இணையாகச் சந்திப்பதால் 25 ஓம் தடையையே காண வேண்டும். ஒரு டெர்மினேட்டர் விடுபட்டாலோ கேபிள் அறுந்தாலோ அத்தடை 50 ஓமாகி, மின்னழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. இரண்டு கணிப்பொறிகள் ஒரே நேரத்தில் பேசினால் ஏற்படும் அழுத்தமும் ஏறத்தாழ அதுவே என்பதால், தனியாகப் பேசும் கார்டுகூட மோதல் நிகழ்ந்துவிட்டதாகக் கருதித் திரும்பத் திரும்பப் பின்வாங்குகிறது. திறந்த முனையிலிருந்து எதிரொலித்து வரும் அலை செய்தியைச் சிதைப்பது இதற்கு மேல் வரும் தொல்லை.

எனவே கணிப்பொறிகளை அணைத்துவிட்டு, நடுவிலுள்ள ஒரு டி கனெக்டரை (இரு பக்கக் கேபிளையும் கார்டையும் சேர்க்கும் T வடிவ இணைப்பான்) கார்டிலிருந்து மட்டும் கழற்றி, அதன் நடு ஊசிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பதே முதற்பணி. 25 ஓமும் கேபிளின் சொந்தத் தடையாகச் சில ஓம்களும் காட்டினால் இணைப்பு முழுமையாக உள்ளது. 50 ஓமை ஒட்டி வந்தால் ஒரு பக்கம் திறந்துள்ளது. சுழியை நெருங்கினால் எங்கோ குறுக்கிணைப்பு உண்டு. பிறகு டி கனெக்டரின் இரு பக்கக் கேபிள்களையும் தனித்தனியே அளந்து, 50 ஓம் காட்டாத பக்கத்தை மீண்டும் பாதியாகப் பிரித்துக்கொண்டே போனால், 30 கணிப்பொறிகள் உள்ள பகுதியிலும் நான்கைந்து அளவீடுகளில் பழுதை நெருங்கிவிடலாம். அளக்கும்போது கேபிள் முனைகளில் உள்ள பி.என்.சி. கனெக்டர்களை இலேசாக அசைத்துப் பார்ப்பதும் நல்லது. எண் துள்ளினால் கனெக்டர் கேபிளோடு சரியாக நெரித்து இறுக்கப்படவில்லை என்று பொருள். (டெர்மினேட்டர் விரல் நுனி அளவே உள்ள பொருள். மேசையை இடம் மாற்றுபவர்கள் அதைக் கழற்றி எங்கோ வைத்துவிடுவதும் நடக்கிறது.)

மல்டிமீட்டர் காட்டிக்கொடுக்காத ஒரு பழுதும் உண்டு. தொலைக்காட்சிக்கான 75 ஓம் கேபிள் தோற்றத்தில் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். அந்த 75 ஓம் என்பது வேகமாக மாறும் அலை மட்டுமே உணரும் தடை என்பதால், அதில் ஒரு துண்டை இடையில் சேர்த்தாலும் மீட்டர் சரியான எண்ணையே காட்டும், ஆனால் அலையழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அந்த இணைப்பிலேயே எதிரொலிக்கும். உறையில், இவ்வமைப்புக்குரிய 50 ஓம் கேபிளின் வகைப்பெயரான ஆர்ஜி-58 என்று அச்சிடப்பட்டுள்ளதா என்று கேபிள் நெடுகிலும் பார்ப்பதே இதற்கு எளிய வழி. மொத்த நீளம் 185 மீட்டரைத் தாண்டாமலும், டி கனெக்டருக்கும் கார்டுக்கும் இடையே கேபிள் துண்டு எதுவும் இல்லாமலும், கேபிளின் வெளிக்கவசம் ஓரிடத்துக்கு மேல் நிலத்தொடர்பு பெறாமலும் இருப்பதைச் சோதித்த பின்னரும் சிக்கல் நீடித்தால், அப்போது கார்டுகளை மாற்றிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்