அப்ரென்டிஸ் என்று சொல்லக் கூசாதே, கண்ணு

கண்ணு,

நேற்று போனில் நீ குரலை இறக்கிச் சொன்னதையே ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டு கிடந்தேன். காலை மீட்டிங்கில் லைன் இன்சார்ஜ் 'போக்கா யோக்கே' என்று ஏதோ சொன்னார், எல்லாரும் தலையாட்டினார்கள், நீயும் ஆட்டிவிட்டாய், அப்புறம் பாத்ரூமுக்குப் போய் செல்லில் தேடிப் பார்த்தாய். "நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சுட்டு இதுகூடத் தெரியாதான்னு நினைச்சுடுவாங்கப்பா" என்றாய். கூடப் படித்தவர்கள் விசாரித்தால் "ஓசூர்ல வேலை" என்று மட்டும் சொல்கிறாயாம். ஒரு வருஷப் பயிற்சிக்கு வந்த அப்ரென்டிஸ் என்று சொல்வதில்லையாம்.

போனில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

ஐ.டி.ஐ. முடித்து நான் அப்ரென்டிஸாகப் போனபோது எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு நாள் 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட், அதாவது உருண்டை இரும்புத் தண்டு, கடையக் கொடுத்தார்கள். அதன்மேல் பேரிங் இறுக்கமாக உட்கார வேண்டும். அளவு பார்க்கிற மைக்ரோமீட்டரை மூடினால் சைபரில் நிற்க வேண்டும். என் கையில் இருந்தது ஐந்து கோடு தள்ளி நின்றது. பார்த்தேன். ஃபோர்மேனிடம் கேட்கலாம் என்று இரண்டடி எடுத்து வைத்தேன். "இதுகூடத் தெரியாமலா வந்தே" என்பாரோ என்று திரும்பி வந்துவிட்டேன். அந்த ஐந்து கோடு 0.05 மில்லிமீட்டர். மதியத்துக்குள் 32 ஷாஃப்ட் முடித்தேன். பேரிங்கை மாட்டிப் பார்த்தால் கையாலேயே உள்ளே போய், கையாலேயே வெளியே வந்தது. முப்பத்திரண்டும் ஸ்கிராப். ஃபோர்மேன் திட்டவில்லை. "காலையில ஒரு வார்த்தை கேட்டிருந்தா அரை நிமிஷத்துல சரி பண்ணிக் குடுத்திருப்பேனே தம்பி" என்றார். முப்பது வருஷம் ஆயிற்று, அந்த ஸ்கிராப் டப்பா இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

நீ அப்ரென்டிஸாக இருப்பதை நான் குறைவாக நினைக்கவே இல்லை. தெரியாது என்று தைரியமாகச் சொல்ல உனக்கு ஒரு வருஷம் கிடைத்திருக்கிறது. நேராக வேலைக்குப் போன உன் சிநேகிதிகளுக்கு அது இல்லை. 1961-ல் வந்த தொழிற்பழகுநர் சட்டம் முதலில் எங்களைப் போன்றவர்களுக்குத்தான். 1973-ல் அதைத் திருத்தி, டிகிரி, டிப்ளமோ முடித்தவர்களையும் சேர்த்தார்கள். படிப்புக்கும் பட்டறைக்கும் நடுவில் பள்ளம் இருக்கிறது என்று அன்றைக்கே யாருக்கோ உறைத்திருக்கிறது. உன் உதவித்தொகைக்கு அரசு வைத்திருக்கும் குறைந்தபட்சத் தொகையில் பாதியை அரசே ஏற்கிறது. "பி.எஃப். பிடிக்கலையேப்பா" என்று போன வாரம் கேட்டாய் அல்லவா? அந்தச் சட்டப்படி நீ தொழிலாளி இல்லை, பயிற்சி எடுப்பவள். அதனால்தான் பிடிக்கவில்லை. யாரும் உன்னை ஏமாற்றவில்லை.

ஆனால் பயிற்சி எடுப்பவள் என்றால் பயிற்சி கொடுக்க வேண்டும். அப்ரென்டிஸை மலிவான கையாக வைத்து ஓட்டுகிற இடங்கள் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. நினைத்தாலே எனக்குக் கோபம் வரும். அரசின் தொழிற்பழகுநர் ஆலோசகர் அனுமதி இல்லாமல் உன்னை ஓவர்டைம் செய்யச் சொல்லக்கூடாது. வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு கம்பெனி பொறுப்பு. மாதக்கணக்கில் ஒரே மெஷினில் பட்டன் அழுத்த நிறுத்தினால், "அடுத்து எந்த டிபார்ட்மென்ட் சார்?" என்று மரியாதையாகக் கேள். அதற்கும் அசையவில்லை என்றால் சென்னை தரமணியில் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் இருக்கிறது. உன் ஒப்பந்தம் அங்கேதான் பதிவாகிறது. அதன் நகலை ஒரு பிரிண்ட் எடுத்துப் பெட்டியில் வை. ஒரிஜினல் சர்டிபிகேட் எதையும் யாரிடமும் விட்டுவிட்டு வராதே. காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள். நம் வீட்டில் முதல் பட்டதாரி நீ. அந்தக் காகிதங்கள் இன்னும் எத்தனை இடத்துக்குத் தேவைப்படுமோ.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வருஷம் முடிந்ததும் உனக்கு வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. வேறு இடத்துக்குப் போகாமல் நீ அங்கேயே இருக்க வேண்டும் என்றும் இல்லை. கடைசியில் தருகிற சான்றிதழை ஒரு வருஷ அனுபவமாகக் காட்டலாம். ஆனால் அடுத்த இன்டர்வியூவில் அதை ஒரு நிமிஷம்தான் பார்ப்பார்கள். அப்புறம் "அங்கே என்ன பார்த்தே?" என்பார்கள். அதற்குத்தான் பாக்கெட்டில் அடங்குகிற நோட்டு ஒன்று வாங்கு என்கிறேன். எந்த மெஷின் ஏன் நின்றது, யார் எப்படி ஓடவைத்தார்கள், அன்றைக்கு நீ என்ன கேட்டாய், எல்லாம் அன்றன்றைக்கே எழுது. தினமும் நாலு வரி போதும்.

உனக்குத் தெரியாதது உன் குற்றமில்லை சாமி. நாலு வருஷத்தில் உங்களை ஃபேக்டரிக்குக் கூட்டிப்போனது ஒரே ஒரு நாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரோபோ, இந்தப் பக்கம் நீங்கள் வரிசையாக. சாயங்காலம் திரும்பிவிட்டீர்கள். அரசின் 'நான் முதல்வன்' திட்ட வகுப்பில் கம்ப்யூட்டரில் டிராயிங் போடக் கற்றாய், அது நல்லதுதான். அந்த டிராயிங்கில் போடுகிற ஓட்டை இரும்பில் விழும்போது டிரில் எப்படிச் சத்தம் போடும், எப்போது பிட் மழுங்கிவிட்டது என்று தெரியும், இதையெல்லாம் உனக்குக் காட்ட ஆளில்லை. இப்போது உன்னைச் சுற்றி இருபது வருஷம் மெஷினோடு நின்றவர்கள் இருக்கிறார்கள். டிகிரி இல்லாதவர்களும் இருப்பார்கள். அண்ணா, அக்கா என்று கூப்பிட்டு அவர்களிடம் கேள். கேட்கிற பிள்ளையை அவர்களுக்குப் பிடிக்கும். எங்கள் ஷெட்டில் நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

போக்கா யோக்கே எனக்கும் தெரியாது. நீ போனை வைத்ததும் எங்கள் சூப்பர்வைசர் தம்பியிடம் கேட்டேன். என் மகனாக இருக்கிற வயசு அவருக்கு. உட்கார வைத்துச் சொன்னார். தப்பாகச் செய்யவே முடியாதபடி முன்கூட்டியே அமைத்து வைப்பதாம். பேர்தான் ஜப்பான் பேர், சங்கதி நாங்கள் செய்வதுதான். ஜாபைப் பிடித்துக்கொள்கிற ஃபிக்சரில் ஒரு பக்கம் சின்ன இரும்புப் பின் ஒன்று வைப்போம், ஜாபைத் திருப்பி மாட்டினால் உட்காரவே உட்காராது. சிம் கார்டுக்கு ஒரு மூலை வெட்டியிருக்கிறதே, அந்த மாதிரி.

ஓசூர் குளிருக்கு அம்மா ஸ்வெட்டர் எடுத்துவைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை மாமா பெங்களூர் போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போவார்.

திங்கட்கிழமை லைன் இன்சார்ஜிடம் போய், "சார், அன்னைக்கு எனக்குப் புரியல, நம்ம லைன்ல அது எங்க இருக்குன்னு காட்டறீங்களா?" என்று கேள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது முதலில் அதைச் சொல்லு. பின் வைத்திருக்கிறார்களா, சென்சார் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவை. எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பா