பளபளக்கும் புத்தகத்தில் இல்லாத வரி

ஆசிரியருக்கு வணக்கம்,

உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்த என் தங்கை மகனை பொறியியல் பட்டம் படிக்க வெளிநாட்டுக்கு அனுப்ப, வெல்லாவெளியில் இருக்கும் இரண்டு ஏக்கர் வயலை ஈடு வைக்கப் புறப்பட்டார்கள், நான்தான் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். முகவர் தந்த பளபளப்பான புத்தகத்தில் கட்டடப் படங்கள் நிறைய, அந்தப் பட்டம் வொஷிங்டன் உடன்படிக்கைக்குள், அதாவது பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தத்துக்குள், வருமா என்று ஒரு வரி இல்லை. கேட்டால் 'அதெல்லாம் பிரச்சினை இல்லை அண்ணன்' என்கிறார். பிரச்சினைதான்! இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 முதல் அதில் முழு உறுப்பு. அதற்குள் வராத பட்டத்தோடு திரும்புகிற பிள்ளை இங்கே பட்டயப் பொறியியலாளர் (Chartered Engineer) ஆவதற்கு வருடக்கணக்கில் இழுபட வேண்டிவரும். அப்புறம் பார்த்தால் அது மூன்று வருடப் 'பொறியியல் தொழில்நுட்பப்' பட்டம், அதற்கு சிட்னி உடன்படிக்கை என்று வேறொன்று இருக்கிறது. எந்தப் பட்டம் எதற்குள் வருமென்று உங்கள் கல்விப் பக்கத்தில் விளக்கமாகப் போடுங்கள், அடுத்த போகத்துக்கு முன்பே.

ஒரு தாய்மாமன்,
களுவாஞ்சிக்குடி