ஒரு சொல்லைத் திருத்தியவருக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

அகதிகள் சட்டம் பற்றிய தமிழ்க் கையேடு ஒருவழியாக முடிந்துவிட்டது. அட்டையில் என் பெயர் மட்டும் இருப்பது உறுத்துகிறது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, புகலிடம் கேட்டுவிட்டு ஏழு ஆண்டுகளாகக் காத்திருக்கும் அண்ணனுக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தின் 33ஆம் பிரிவைப் பற்றி, "உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்ப முடியாது" என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டுச் சிரித்தார். "முடியாது இல்லை தம்பி, கூடாது. அனுப்ப முடியும். அனுப்பியும் இருக்கிறார்கள்." அந்த ஒரு சொல்லுக்காகப் பாதிக் கையேட்டை மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

அப்புறம் வழக்கறிஞர் அக்கா. வேலை முடிந்து வந்து, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு திருத்தினார். நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று கருத நியாயமான காரணம் இருந்தால், திருப்பி அனுப்பக் கூடாது என்ற அந்தக் காப்பு அந்த அகதிக்குக் கிடைக்காது என்று 33ஆம் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. அதை நான் கோட்டை விட்டிருந்தேன். இந்தியா, மலேசியா, ஜோர்டான் எல்லாம் ஒப்பந்தத்தில் சேரவே இல்லை. சேர்ந்த துருக்கியோ, ஐரோப்பிய நிகழ்வுகளால் தப்பி வந்தவர்களுக்கு மட்டும்தான் என்ற வரம்பை இன்னும் விடவில்லை. நடுக்கடலில் மறித்துத் திருப்புவதற்கு 33ஆம் பிரிவு பொருந்தாது என்று 1993இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "சரி, ஒரு நாடு மீறினால் எங்கே போய் முறையிடுவது?" என்று கேட்டேன். 38ஆம் பிரிவைக் காட்டினார். சர்வதேச நீதிமன்றத்துக்கு நாடுகள்தான் போகலாம், அகதி போக முடியாது. (இந்த இடத்தில் 'முடியாது' சரியான சொல்தான். அண்ணனிடமும் கேட்டுக்கொண்டேன்.)

நான் சோர்ந்து போயிருந்தபோது அன்றைய கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து இந்தியாவுக்கு வந்த சக்மா மக்களைப் பற்றிய 1996ஆம் ஆண்டு வழக்கைத் தேடிக் கொடுத்த சட்ட மாணவிக்கும் நன்றி. ஒப்பந்தத்தில் சேராத இந்தியாவிலேயே, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு குடிமக்கள் அல்லாதவர் உயிரையும் காக்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு அது. கையேட்டில் எனக்குப் பிடித்த பக்கம் அதுதான்.

மெய்ப்புப் பார்த்தவர்கள், அச்சுச் செலவைப் பங்கிட்டுக்கொண்டவர்கள், எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.

அண்ணனுக்கு அடுத்த மாதம் மறுபடியும் நேர்காணல். முதல் பிரதியை அவரிடம் கொடுத்தேன். பென்சிலோடு உட்கார்ந்துவிட்டார்.